மீன் நீந்திய டிரம்

டயாலிசிஸ் அறைக்குள் முதல் நாள் நுழைகிற எல்லோரும் மெஷினைத்தான் பார்ப்பார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள். விளக்கு எரிகிறது, எண்கள் ஓடுகின்றன, குழாயில் ரத்தம் சுற்றுகிறது. பார்க்காமல் எப்படி இருப்பது? சுவருக்குப் பின்னால் தொட்டிகளும் மோட்டார் சத்தமுமாக ஒரு சின்ன அறை இருக்கிறதே, அதற்குள் கடைசியாகத்தான் எட்டிப் பார்த்திருப்பீர்கள். அதுவும் துடைப்பம் எங்கே என்று கேட்பதற்காக.

அந்தத் தண்ணீர் அறையில்தான் என் உத்தியோகம் முழுதும் போனது. தரை துடைக்கிற ஆயாவாகச் சேர்ந்தேன். போன வருஷம் தண்ணீர் அறைப் பொறுப்பாளராக ஓய்வு பெற்றேன். நடுவில் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. கல்யாணமாகி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள் நான். வீட்டுக்காரருக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில் வேலை. எனக்கு டெலானிபூர் மேட்டில் ஐந்து மெஷின் மட்டும் இருந்த இந்தச் சின்ன சென்டரில் வேலை. படிப்பெல்லாம் இங்கே வந்து போகிறவர்களின் வாயிலிருந்து பொறுக்கியது. நாலு மணி நேரம் ஒரே நாற்காலியில் சாய்ந்திருப்பவர்கள் பேசாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் பேசினார்கள், நான் காதைக் கொடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். நீங்களும் நானும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிறோம். அதுவும் வயிறு, குடல் என்று ஏகப்பட்ட வாசல்களைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகிறது. கிட்னி நின்றுபோனவர் நம் நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால், அவருடைய ரத்தத்தை உரசிக்கொண்டு நூற்றிருபது லிட்டர் போகிறது. நடுவில் வயிறு கிடையாது. மெல்லிய சவ்வு ஒன்றுதான். அதனால் குடிக்கத் தகுந்த தண்ணீர் என்ற பேச்சை இந்த அறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வையுங்கள்.

எனக்கு இதைப் புரிய வைத்தவர் அப்போது இருந்த டெக்னீஷியன். தெலுங்குக்காரக் குடும்பம், தீவிலேயே பிறந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். எல்லாரோடும் தீவு ஹிந்திதான். என்னை தீதி, அதாவது அக்கா என்பார்; நான் அவரைத் தம்பி என்பேன்.

உப்பையெல்லாம் வடிகட்டி எடுக்கிற ஆர்.ஓ. மெஷின் வழியாக வந்த தண்ணீரைப் பார்த்து நான் பூரித்துப்போன காலம் அது. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எதற்கு மறுபடி உப்பைக் கலக்குகிறார்கள் என்று எனக்கு ஒரே கோபம்.

"தம்பி, இப்படியே விட்டா நோயாளிக்கு நல்லதுதானே? பாவம், உப்புதான் ஆகாதுங்கிறீங்களே."

அவர் இரண்டு கண்ணாடிக் குழாயை எடுத்தார். ஒன்றில் உப்பு அளவாகக் கலந்த தண்ணீர், ஒன்றில் என்னுடைய பரிசுத்தத் தண்ணீர். எறியப்போகிற டியூபில் மிஞ்சியிருந்த ரத்தத்தை ஒவ்வொரு சொட்டு விட்டார். உப்புத் தண்ணீரில் ரத்தம் கலங்கலாக, குழம்பு மாதிரி நின்றது. மற்றதில் கலங்கலே இல்லை. ரோஜா சர்பத் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சுவரில் இருந்த காலண்டர் முன்னால் பிடித்தார். தேதி தெரிந்தது.

"அழகா இருக்கே" என்றேன்.

"அழகுதான் தீதி. இதுல ஒரு ரத்த அணுகூட உயிரோட இல்ல. எல்லாம் வெடிச்சிடுச்சு."

சுத்தத் தண்ணீர் பசித்த தண்ணீர். உப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பாய்ந்து நுழையும். அணுவுக்குள் உப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அது உப்பி வெடிக்கும்வரை உள்ளே போகும். அன்றைக்கு அந்த சர்பத் நிறம் என் கண்ணில் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஒரு நாள் அதே நிறத்துக்குப் பயந்து நான் நடுங்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் காதர் பாயை அறிமுகப்படுத்த வேண்டும்.

காதர் பாய் தீவுகளுக்கு நடுவே ஓடுகிற போட்டில் எஞ்சின் ரூம் ஆள். இருபத்தைந்து வருஷம் டீசல் நாற்றத்திலேயே இருந்தவர். நான்காம் நம்பர் நாற்காலி அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் முறைப்பார். என்னைத் தங்கச்சி என்பார். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்த எந்தப் படித்தவருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் அதை நம்பிப் பிழைத்தவர்.

"எஞ்சின் எவ்வளவு சூட்டைத் துப்பினாலும் தண்ணி வாங்கி வச்சுக்கும் தங்கச்சி. சட்டுனு கொதிக்காது. எண்ணெயை அந்த இடத்துல ஊத்திப் பாரு, அரை நிமிஷத்துல புகையும். நம்ம உடம்பும் அப்படித்தான். வெயில்ல நடந்தா வேகாம இருக்கோமே, யார் புண்ணியம்? உள்ளே இருக்கிற தண்ணியோட புண்ணியம்."

இன்னொன்று அவர் அடிக்கடி சொல்வது: "தண்ணி யாரையும் இடமில்லேன்னு திருப்பி அனுப்பாது. அதான் அதோட நல்ல குணம். அதான் அதோட கெட்ட குணமும்."

இதை நான் டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டபோது காகிதத்தில் வரைந்து காட்டினார். தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு பக்கம் கொஞ்சம் கூட்டல், மறுபக்கம் கொஞ்சம் கழித்தல். உப்பைப் போட்டால் உப்பின் கூட்டலைத் தன் கழித்தல் பக்கத்தால் பிடிக்கும், கழித்தலைக் கூட்டல் பக்கத்தால் பிடிக்கும். இரண்டையும் பிரித்துத் தனக்கு நடுவில் உட்கார வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சாப்பாட்டுச் சத்து போவதும் அப்படித்தான், கழிவு வெளியே வருவதும் அப்படித்தான். நம் வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது. சவ்வின் இந்தப் பக்கம் கழிவு நிரம்பிய ரத்தம், அந்தப் பக்கம் கழிவில்லாத தண்ணீர். ஜெட்டியில் கூட்டம் நெரியும்போது காலியான போட் வந்து நின்றால் என்ன ஆகும்? யாரும் தள்ள வேண்டாம், கூட்டம் தானாக ஏறும். கழிவும் அப்படியே தண்ணீருக்கு ஏறிவிடும்.

ஆனால் வாசல் இரண்டு பக்கமும் திறந்ததுதான். தண்ணீரில் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அது ரத்தத்துக்கு ஏறும். அதில் நாம் முக்கியமாகப் பயப்பட வேண்டியது குளோரின். கிருமியைக் கொல்லப் போடுகிற அதே ப்ளீச்சிங் பவுடர்தான். குடித்தால் வயிற்றுக்குள்ளேயே அதன் வேகம் அடங்கிவிடும். நேராக ரத்தத்தைத் தொட்டால் அணுக்களை உடைக்கும். ஆர்.ஓ. அதைச் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆர்.ஓ.வுக்கு முன்னால் கரித்தொட்டி. கரி குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரி களைத்துப்போனால் விட்டுவிடும். களைத்ததா இல்லையா என்று பார்க்க ஒரு மாத்திரை உண்டு. கரித்தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீரில் போட்டால், குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். இல்லையென்றால் நிறமே இருக்காது. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கு முன்னாலும், புதுத் தண்ணீர் வந்தாலும், ஒரு மாத்திரை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

ஏப்ரல் மாதம். மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்கிற மாதம். குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர். சென்டருக்கு டேங்கர் லாரி. கரி மாற்ற வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. புதுக் கரியும் மாத்திரையும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் தள்ளிக்கொண்டே போனது. என் டப்பாவில் பதினான்கு மாத்திரை.

தீவில் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கப்பல் வரும்வரை என்று எதையும் இழுத்துப் பிடிப்போம். வெங்காயத்தை இழுத்துப் பிடிப்போம், கேஸை இழுத்துப் பிடிப்போம், மாமியாருடைய பிரஷர் மாத்திரையைக்கூடப் பாதியாக உடைப்போம். கெட்ட பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை. கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். நானும் கெட்டிக்காரிதான். காலை முதல் ஷிஃப்ட்டுக்குப் போட்ட மாத்திரையில் நிறமே வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து நோயாளிகள் இறங்கிய பிறகு டேங்கர் வந்து அடித் தொட்டியில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. பதினோரு மணிக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலையில் சரியாக இருந்ததே, அதே லாரிதானே, ஒரு மாத்திரை மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். ரெஜிஸ்டரில் இரண்டாவது ஷிஃப்ட்டுக்கு நேராக டிக் போட்டேன்.

சோதிக்காமல் டிக் போட்டேன். இதை இன்னொரு முறை படியுங்கள். எனக்கு எழுதவே கை கூசுகிறது, நீங்கள் படிப்பதற்கு என்ன.

அன்றைக்கு முதலில் மெஷினில் ஏற்றியது காதர் பாயைத்தான். காரணம் இருந்தது. வேறொரு தீவில், ஹட் பேயில், மகள் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போனவர், திரும்புகிற போட் எஞ்சின் கோளாறில் நின்றுபோய் மாட்டிக்கொண்டார். ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, இரண்டு பேர் தாங்கித்தான் கொண்டுவந்தார்கள்.

"இருபத்தஞ்சு வருஷம் அந்த எஞ்சினுக்குச் சோறு ஊட்டினேன் தங்கச்சி. நான் ஏறின அன்னைக்குப் பார்த்து மூஞ்சியைத் தூக்கிக்கிச்சு" என்றார். மூச்சிரைப்புக்கு நடுவிலும் வாய் நிற்கவில்லை.

"அங்கே என்ன சாப்பிட்டீங்க பாய்?"

"ஒண்ணுமில்ல."

"பாய்."

"ஒரே ஒரு இளநீர். மாப்பிள்ளை வெட்டிக் குடுத்தாரு. மரியாதைக்குக் குடிச்சேன்."

இளநீரில் பொட்டாசியம். நமக்கு நல்லது, அதை வெளியே தள்ள வழியில்லாதவருக்கு இதயம் தாளம் தப்பும். டெக்னீஷியன் தம்பி ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து உதட்டைக் கடித்தார். டாக்டர் மேடம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போனில், உடனே ஏற்றுங்கள் என்றார். ஏற்றினோம். அடுத்த நாற்காலியில் புரோத்ராபூரில் கீரை போடுகிற சரஸ்வதி அம்மாவை ஏற்ற, ஊசி குத்துவதற்காக அவர் கையைத் தம்பி பிடித்தார்.

அப்போதுதான் ஜன்னலில் டேங்கர் டிரைவர் பிமல் தாதாவின் முகம் தெரிந்தது. ரசீதில் கையெழுத்து வாங்கத் திரும்பி வந்திருந்தார். பெங்காலி; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். தங்கமான மனுஷன். நம் நோயாளிகள் வெளியே வரும்போதெல்லாம் லாரியை நிறுத்தி ஓரமாக ஒதுங்குவார். அன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு.

"தீதி, ஆஜ் ஏக்தம் சாஃப் பானி லாயா!" இன்றைக்கு ரொம்பச் சுத்தமான தண்ணீர் கொண்டுவந்தேன் என்கிறார்.

"ரொம்ப நல்லது தாதா."

"எல்லாருக்கும் போடற பவுடர் இல்ல. இது நம்ம பேஷன்ட்டுக்காச்சே. நானே கையால ரெண்டு பங்கு அதிகமாப் போட்டேன்."

எனக்குக் கையெழுத்து பாதியில் நின்றது.

தண்ணீர் அறைக்கு எப்படி ஓடினேன் என்று ஞாபகமில்லை. கரித்தொட்டிக்குப் பின்னால் இருக்கிற குழாயைத் திறந்து, குழாயில் பழைய தண்ணீர் போகவிட்டு, சின்னக் குப்பியில் பிடித்து மாத்திரையைப் போட்டேன். செம்பருத்திப் பூ நிறம். நான் அதுவரை அப்படி ஒரு நிறத்தை அந்தக் குப்பியில் பார்த்ததில்லை.

இங்கே கவனியுங்கள். நான் ஆயாவாகச் சேர்ந்தவள். மெஷினைத் தொட எனக்கு அதிகாரம் கிடையாது. டாக்டர் மேடம் ஏற்று என்று சொன்ன நோயாளி. இறக்கினால் பொட்டாசியம் அவரைக் கொல்லும். ஓடவிட்டால் தண்ணீர் அவரைக் கொல்லும். இதெல்லாம் வரிசையாக யோசித்தேன் என்றால் பொய். கதவிலேயே நின்று கத்தினேன்:

"தம்பி! தண்ணியை நிறுத்து! நாலாம் நம்பர்! யாரையும் ஏத்தாதே!"

அந்தத் தம்பியை நான் ஏன் இன்னும் குரு என்கிறேன் தெரியுமா? ஏன் என்று அவர் கேட்கவில்லை. மேடத்தைக் கேட்கட்டுமா என்றும் கேட்கவில்லை. கை நேராக பைபாஸ் பட்டனுக்குப் போனது. அதை அழுத்தினால் தண்ணீர் சவ்வுப் பக்கம் போகாமல் வெளியே திரும்பிவிடும். அழுத்திய பிறகுதான் திரும்பி, "கியா ஹுவா, தீதி?" என்றார், என்ன ஆச்சு என்று. நான் குப்பியைக் காட்டினேன். காதர் பாய் ஏறி நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

தம்பி பாயிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுற்றுகிற மெஷினில் போட்டார். சுற்றினால் அணுக்கள் அடியில் படியும், மேலே தெளிவு நிற்கும். அணு உடைந்திருந்தால் அந்தத் தெளிவு ரோஜா நிறமாக இருக்கும். அந்தச் சில நிமிஷம் நான் எந்தச் சாமியை எல்லாம் கூப்பிட்டேனோ. குழாயை வெளியே எடுத்தார். அதே காலண்டர் முன்னால் பிடித்தார்.

வெளிர் மஞ்சள்.

"பச் கயா" என்றார் தம்பி. தப்பித்தார் என்று அர்த்தம். மூச்சு விட்டது நான்தான்.

ஆனால் பாதிதான் தப்பித்திருந்தார். நாற்காலியில் அவர் மூச்சு இன்னும் இரைந்துகொண்டிருந்தது. டாக்டர் மேடம் கிளம்பிவிட்டேன் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினும் காலியில்லை, சாயங்காலம்தான் என்றார். அதுவரை ஊசி போட்டு இதயத்தைத் தாங்கலாம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இந்த மனுஷனுக்கு மூன்று மணி நேரம் ஓட, ஆர்.ஓ. வெளியே கொட்டுவதும் மெஷின் கழுவுவதும் சேர்த்து, நானூறு லிட்டர் குளோரின் இல்லாத தண்ணீர் வேண்டும். ஏப்ரலில், டெலானிபூரில்.

ஜன்னல் வெளியே பிமல் தாதா இன்னும் நின்றிருந்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. "இன்னொரு லோடு கொண்டுவரேன் தீதி, பவுடரே போடாம" என்றார். போய்ப் பிடித்து வர மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை பாய் காத்திருப்பாரா?

அப்போது சரஸ்வதி அம்மாதான் அதைச் சொன்னது. ஊசி குத்தாமல் விட்ட கையோடு உட்கார்ந்திருந்தவர், தன் பாட்டுக்குப் புலம்பினார்: "ப்ளீச்சிங் வாடைன்னா எனக்கும் ஆகாதும்மா. குழாத் தண்ணிய புடிச்ச அன்னைக்கே கீரைக்கு ஊத்த மாட்டேன். டிரம்ல ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா வாடை போயிடும், அப்புறம்தான் ஊத்துவேன்."

எனக்குப் பொறி தட்டியது. தண்ணீர் யாரையும் திருப்பி அனுப்பாது என்றார் பாய். ஆனால் குளோரின் தானாகக் கிளம்பிப் போகிற விருந்தாளி. திறந்து வைத்தால் காற்றுக்குப் போய்விடும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிற ஊரில், மூன்று நாள் நின்ற தண்ணீருக்கா பஞ்சம்? மேட்டில் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் துணி கட்டிய நீல டிரம் நிற்கிறதே!

தாதாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆனால் எந்த டிரம்? எல்லாரும் ஒரே நாளில் நிரப்புவதில்லை. சிலர் நேற்று டேங்கரில் வாங்கி ஊற்றியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை போட்டால் டப்பா காலியாகி, கடைசியில் பாய்க்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

முதல் வீட்டில் மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர். துணியை அவிழ்க்கவே வெட்கப்பட்டார்.

"இது மூணு நாள் நின்ன தண்ணிம்மா. ஆஸ்பத்திரிக்கு இதையா குடுக்கறது? உள்ளே நல்ல தண்ணி குடத்துல இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"நின்ன தண்ணிதான்மா வேணும்."

"அதுல மீன் வேற கிடக்கு. கொசுப்புழு தின்னட்டும்னு ஹெல்த்காரங்க விட்டது."

எட்டிப் பார்த்தேன். விரல் நீளம்கூட இல்லாத கப்பி மீன்கள், ஏழெட்டு, சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

அங்கேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. மீனின் செவுளை நினைத்துப் பாருங்கள். மெல்லிய தோல், ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் தண்ணீர். தண்ணீரில் கரைந்த பிராணவாயு அது வழியாகத்தான் ரத்தத்துக்கு ஏறுகிறது. நடுவில் வயிறு கிடையாது. நாலாம் நம்பர் நாற்காலியில் இருப்பவருக்கும் இந்த மீனுக்கும் என்ன வித்தியாசம்? குளோரின் இருந்தால் இது முதல் நாளே செத்து மிதந்திருக்கும்.

"தாதா, மீன் உசுரோட இருக்கிற டிரம் மட்டும்!" என்றேன்.

அடுத்த கால் மணி நேரம் அந்த மேட்டில் திருவிழாதான். தமிழ், பெங்காலி, மலையாளம், தெலுங்கு என்று நாலு வீட்டு டிரம்மைத் திறந்தோம். இரண்டில் மீனே இல்லை, விட்டுவிட்டோம். ஒரு வீட்டில் தாதா டிரம்மைச் சாய்க்கப் போக, உள்ளேயிருந்து ஒரு குரல்:

"ஏய், மீனை எடுத்துட்டு ஊத்து! அது என் மருமகளோடது. செத்துச்சுன்னா எனக்குச் சோறு கிடையாது!"

டீ வடிகட்டியால் மீனைப் பிடித்து வாளியில் போட்டார்கள். மறுநாள் வரை குழாய் வராது என்று தெரிந்துதான் அந்தப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். பதிலுக்கு எங்கள் அடித் தொட்டியில் இருந்த தாதாவின் தண்ணீரைக் காலியான டிரம்களில் நிரப்பினோம். குளிக்க, துவைக்க அது உடனே ஆகும். இரண்டு நாள் நின்றால் மீனுக்கும் ஆகும். ஒரு வீட்டு வாசலில் ஆயுள் கொடுப்பது, ஒரு சுவர் தாண்டினால் ஆயுள் எடுக்கும். தண்ணீர் அதேதான்.

நானூறு லிட்டரைக் கழுவி வைத்த வேறொரு தொட்டியில் ஊற்றி, கரித்தொட்டியில் மெதுவாகவே போகும்படி வால்வைக் குறைத்தேன். களைத்த கரியானாலும் நேரம் கொடுத்தால் கொஞ்சம் பிடிக்கும். கிருமியை ஃபில்டரும் ஆர்.ஓ.வும் பார்த்துக்கொள்ளும். மெஷினைக் கழுவினோம். ஒரு மாத்திரை போட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அதற்குள் டாக்டர் மேடம் வந்துவிட்டார். குப்பியைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நம்பலாமா?" என்றார் என்னிடம்.

"இந்த நிமிஷத்துக்கு நம்பலாம் மேடம். அடுத்த கால் மணி நேரத்துக்கு மறுபடி பார்த்துச் சொல்றேன்."

"ஏத்துங்க."

சரஸ்வதி அம்மா எழுந்து செருப்பை மாட்டினார். "எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் நாளைக்கு வரேன். அந்த ஆளு முதல்ல முடிக்கட்டும், வாய் மூடாம பேசுறாரே, கேக்க முடியல" என்று சிரித்துவிட்டுப் போனார். மற்ற மூன்று பேரையும் பரிசோதித்து மறுநாள் வரச் சொன்னார் மேடம்.

மூன்று மணி நேரம். கால் மணிக்கு ஒரு மாத்திரை. இழுத்துப் பிடித்து, எண்ணி எண்ணி, மூடியை இறுக்கி வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் குப்பி நிறமில்லாமலே இருந்தது. முதல் மணி முடியும்போது பாயின் மூச்சு தணிந்தது. இரண்டாவது மணியில் எஞ்சின் கதை ஆரம்பித்தார். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த மாத்திரையை எடுத்தேன்.

கடைசி மாத்திரை போட்டபோது டப்பா காலி. மறுநாளுக்கு என்ன செய்வது? பிமல் தாதா அதற்குள் யாரிடமும் சொல்லாமல் தண்ணீர் சப்ளை செய்கிற ஆபீஸ் லேபுக்குப் போய், கெஞ்சி ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்திருந்தார். பத்து நிமிஷ தூரம். நான் கேட்டிருந்தால் முந்தின வாரமே கொடுத்திருப்பார்கள். கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அடுத்த தெரு தெரியவில்லை.

தாதாவை யாரும் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவருடைய தப்பைப் பிடிக்கத்தானே அந்த மாத்திரை இருந்தது. அதைப் போடாதது நான். மேடத்திடம் ரெஜிஸ்டரைக் கொண்டுபோனேன். டிக்கின் மேல் கோடு போட்டு, 'சோதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் அதைப் படித்தார்.

"இதைச் சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"எனக்குத் தெரியுமே மேடம்."

அதற்குப் பிறகு என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. மாறாக, தண்ணீர் சரியில்லை என்றால் யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்ற அதிகாரத்தை எழுதிக் கொடுத்தார். அது இப்போது உங்களுடையது. நேற்று சேர்ந்தவராக இருந்தாலும் சரி, கையில் துடைப்பம் இருந்தாலும் சரி, கத்துங்கள். மெஷின் பக்கம் இருப்பவரே, அந்தக் கத்தல் கேட்டால் முதலில் பட்டனை அழுத்துங்கள், பிறகு கேள்வி கேளுங்கள். கத்தியது வீணாகப் போனால் பத்து நிமிஷம் நஷ்டம், அவ்வளவுதான்.

தண்ணீர் அறை வாசலில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, டேங்கர் தண்ணீர் வெயிலில் இரண்டு நாள் நின்ற பிறகு வந்து இறங்குகிற அந்தத் திறந்த தொட்டி. அது அந்த வாரத்தில் கட்டியது. அதில் நீந்துவது அந்த மருமகள் கொடுத்த மீன்களின் வம்சம். அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். மாத்திரைக்குப் பதில் என்றும் நினைக்காதீர்கள். மீன் நீந்தினாலும் மாத்திரை போட வேண்டும்.

தொட்டி கட்டி முடித்த அன்று காதர் பாய் டயாலிசிஸ் முடித்து வெளியே வந்தார். யாரும் தாங்கவில்லை, தன் காலிலேயே நடந்து வந்தார். குனிந்து மீன்களை ரொம்ப நேரம் பார்த்தார்.

"நமக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் டயாலிசிஸ். இதுங்களுக்கு எத்தனை நாள் தங்கச்சி?"

"ஏழு நாளும், பாய். இருபத்துநாலு மணி நேரமும்."

"அப்ப நம்ம ஷிஃப்ட்டுக்கு சீனியருங்க" என்று சொல்லி, நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார்.